பறந்து வந்த தகரம்

வாங்க மருமகனே, வாங்க. உங்க தகரம் ராத்திரியே வந்து சேந்துருச்சு. நீங்கதான் பிந்திட்டீங்க.

கோவிச்சுக்காத, உக்காரு. ராத்திரி ரெண்டு மணி இருக்கும், டமார்னு ஒரு சத்தம். உங்க அத்தை, ரயிலு தடம் பொரண்டுருச்சுன்னு எந்திரிச்சு உக்காந்துட்டா. நான் போர்வைக்குள்ள இருந்தே சொன்னேன், ரயிலு இல்லடி, மருமகனோட வேலின்னு. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு நம்ம ஆளுங்க சொல்லுவாங்க. நம்ம வீட்டு அம்மி இன்னைக்கு வரைக்கும் அசையல. மிக்சி வந்த பொறகு அதை மனுசங்களே அசைக்கிறதில்ல, காத்து எதுக்கு மெனக்கெடப் போகுது? உன் தகரம்தான் ரெண்டு வேலி தாண்டி, நம்ம முத்தத்துல மல்லாக்கப் படுத்துருச்சு.

தகரத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம். அது எங்க போகப் போகுது? மொதல்ல தேத்தண்ணியக் குடி. சீனி இல்ல, கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு வச்சிருக்கேன், கடிச்சுக்க.

உனக்கு இந்த மரக்கறி ஆசை எப்ப வந்துச்சுன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. 2022ல, கேஸுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில நின்னு நாடே காலு வீங்கிக் கெடந்த நேரம். கந்தோர்காரங்களுக்கு மூணு மாசத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு, வீட்டுல பயிர் போடுங்கன்னு அரசாங்கம் சொல்லிச்சு. நீ மொத வெள்ளிக்கிழமை மம்பட்டிக்குப் பிடி போட்ட. ரெண்டாவது வெள்ளிக்கிழமை அந்தப் பிடி வழுவழுப்பா இருக்கான்னு தடவிப் பாத்த. மிச்ச வெள்ளிக்கிழமை எல்லாம் கட்டில்லதான் பயிர் செஞ்ச. ஆனா ஒண்ணு, லீவை நிப்பாட்டுன பொறகு உனக்கு நெசமாவே மண்ணு மேல ஆசை வந்துருச்சு. அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். தக்காளி, கறிமிளகாய், போஞ்சின்னு வரிசை புடிச்சு வச்சது பாக்கவும் லட்சணமாத்தான் இருந்துச்சு. காத்து வர்ற வரைக்கும்.

நீ பாத்தி போட்ட எடத்தை யோசிச்சுப் பாத்தியா? கடுகண்ணாவை ஏத்தத்தோட உச்சியில, மேற்கப் பாத்த சரிவுல, முன்னுக்கு ஒரு மரம் மட்டை இல்லாம. அலகல்லை மலை தெரியுது, பத்தலேகலை தெரியுது, போட்டோ எடுக்க நல்ல எடம். அவ்வளவு தூரம் உன் கண்ணுக்குத் தெரியுதுன்னா, அவ்வளவு தூரத்துல இருந்து காத்துக்கும் உன் தக்காளி தெரியும்தானே? மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்து கடல்ல கெளம்பி, கீழ்நாடு முழுக்கத் தடையில்லாம ஓடியாந்து, முட்டிக்கிறது இந்தச் சரிவுலதான். ரம்புக்கனையில இருந்து ரயிலு, 45 அடிக்கு ஒரு அடி ஏத்தம்னு பெருமூச்சு விட்டுக்கிட்டு வருது. மாவனல்லையில இருந்து பஸ்ஸு முக்கி முக்கி வருது. காத்து ஒருத்தன்தான் மூச்சு வாங்காம வர்றான். அவன்தானே மூச்சு.

ரேடியோவுல சொன்னாங்களா இல்லையா? மத்திய மலைநாட்டு மேற்குச் சரிவுகள்ல மணிக்கு 50, 60 கிலோமீற்றர்னு. அதைக் கேட்டு நீ, போன வாரம் 30, இந்த வாரம் 60, ரெண்டு பங்குதானேன்னு நெனச்சிருப்ப. கணக்கு அப்படி இல்ல. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா, அது தள்ளுற தள்ளு நாலு மடங்கு. கந்தோர்ல சம்பளம் மட்டும் இப்படி ஏறினா எவ்வளவு நல்லா இருக்கும்!

சரி, நீ என்ன பண்ணின? யூடியூப்ல எவனோ சொன்னான்னு, காசக் குடுத்து தகரம் வாங்கி, தகரத்தோட தகரம் ஒட்டி அஞ்சடி உசரத்துக்குச் சுவர் மாதிரி அடிச்ச. எனக்கு அன்னைக்கே தெரியும். ஏன் சொல்லலன்னா கேக்குற? நீ கேக்கலயே. கேக்காதவனுக்குச் சொன்ன புத்தி, தவறணையில விட்ட காசு மாதிரி.

விடிஞ்சதும் உன் பாத்திப் பக்கம் போய் ஒரு சுத்து பாத்துட்டுத்தான் வந்தேன். மொத வரிசை நிக்குது. மூணாவது, நாலாவது வரிசை விழுந்து கெடக்கு. எந்தப் பக்கம் விழுந்திருக்கு, பாத்தியா? காத்து போன பக்கம் இல்ல மருமகனே, காத்து வந்த பக்கம். தகரம் இருந்த எடத்தைப் பாத்துக் கும்பிடு போட்ட மாதிரி சாஞ்சு கெடக்கு. ஆத்துல பாறைக்குப் பின்னாடி தண்ணி என்ன செய்யுது? பாறையில மோதி, மேல ஏறி, பின்னாடி விழுந்து சுழிக்குது. அந்தச் சுழியில அகப்பட்ட குச்சி முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் போகாது. காத்தும் அதேதான். முழுசா மறிச்சா, ஏறிக் குதிச்சு, உருண்டு, திரும்பி வந்து அடிக்கும். கந்தோருக்கு வர்ற ஆளை 'இன்னைக்கு முடியாது, நாளைக்கு வா'ன்னு நீ மறிச்சு அனுப்புறியே, அவன் மறுநாள் மந்திரியோட ஆளைக் கூட்டிக்கிட்டு வர்ற மாதிரி.

காத்தை மறிக்கக் கூடாது, சலிக்கணும். அத்தை மாச் சல்லடை வச்சிருக்கா பாரு, அதுதான் கணக்கு. பாதி மறைப்பு, பாதி ஓட்டை. பாதிக்காத்து உள்ள வரட்டும், வந்து இலையை ஆட்டட்டும். மிச்சத்தோட முறுக்கு ஓட்டையில பூந்து வரும்போதே ஒடஞ்சுரும். அப்படி ஒரு வேலி நாலடி உசரம் இருந்தா, அதுக்குப் பின்னாடி இருபது, இருபத்தஞ்சு அடிக்கு நல்ல அமைதி. உசரத்தைப் போல பத்து மடங்கு தூரம், நாப்பது அடி வரைக்கும், ஓரளவுக்குப் பலன் இருக்கும். உன் பாத்தி மொத்தமே முப்பது அடி. அஞ்சடித் தகரம் எதுக்குடா?

இதை எனக்குப் படிச்சுக் குடுத்தது யாருன்னு நெனக்கிற? தொரையும் இல்ல, கணக்கப்பிள்ளையும் இல்ல. வாழை மரம். அதோட இலை ஏன் கிழியுதுன்னு யோசிச்சிருக்கியா? நம்ம வீட்டு விசேசத்துக்கு ஒரு முழு இலை கிடைக்கலன்னு நாம திட்டுறோம். அது பாட்டுக்கு நரம்பு வழியாக் கிழிஞ்சு, சீப்பு மாதிரி ஆயி, காத்தை வழி விட்டுட்டு நிக்குது. முழு இலையா முறைச்சுக்கிட்டு நின்னா மரமே சாஞ்சுரும். மானம் போனாலும் மரம் நிக்கணும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு.

இப்ப காசு கணக்குக்கு வருவோம். உனக்குப் பிடிச்ச பாடம். டவுன்ல பலசரக்குக் கடைக்காரன்கிட்ட, வெங்காயம் வர்ற அந்தச் சிவப்பு வலைப்பை காலியா கெடக்கும். கேளு, சும்மா குடுப்பான். நீ கந்தோர் சட்டையோட போகாத, அப்புறம் வெலை சொல்லுவான். ஒரு இருபது பை. பக்கத்தைக் கத்திரிச்சு விரிச்சு, நைலோன் நூலால ஒண்ணோட ஒண்ணு தைச்சுக்க. ஒத்தை வலை போதாது, கண்ணு பெருசு. ரெண்டு மடிப்பாப் போட்டு கையில தூக்கி வெளிச்சத்துக்குப் புடிச்சுப் பாரு. வெளிச்சம் பாதி வந்தா காத்தும் பாதி வரும்.

கம்புக்கு, விழுந்த பாக்கு மரம் ஒண்ணைப் பொளந்தா போதும். ஆறடிக் கம்புல ரெண்டடி மண்ணுக்குள்ள போகணும். நீ அரையடி தோண்டிட்டு வேர்வையத் தொடச்சியே, அங்கதான் தகரத்துக்கு றெக்கை மொளைச்சுச்சு. வலையைக் கம்புல கட்டும்போது இரும்புக் கம்பி வேண்டாம், வாழை நாரால கட்டு. சிரிக்காத. காத்து அளவுக்கு மிஞ்சி அடிக்கிற அன்னைக்கு எது அறணும்னு நாமதான் முன்கூட்டியே முடிவு பண்ணணும். நாரு அறுந்தா வலை தொங்கும், காலையில திரும்பக் கட்டிக்கலாம். நாரு அறலன்னா கம்பு முறியும். கம்பும் முறியலன்னா எல்லாஞ் சேந்து பக்கத்து வீட்டு முத்தத்துக்கு வரும்.

நானும் பட்டுத்தான் படிச்சேன். கல்யாணமாகி ரெண்டாவது வருசம், லயத்துக் கோடியில பயித்தங்காய் போட்டிருந்தேன். காத்துக்கு மறைப்பா அத்தையோட மஞ்சள் வாயில் சேலையை, அவ பீலிக்குத் தண்ணிக்குப் போயிருந்த நேரம் பாத்து, ரெண்டு கம்புக்கு நடுவுல இழுத்துக் கட்டுனேன். அன்னைக்குச் சாயங்காலமே அது பறந்து ஒரு பாக்கு மரத்து உச்சியில மாட்டிக்கிச்சு. ஏற முடியாத மரம். மூணு மாசம் கொடி மாதிரி பறந்துச்சு. கோயில் கொடியேத்தம்னு நெனச்சு ரோட்டுல போன ஒரு கெழவி நின்னு கும்பிட்டுட்டுப் போச்சு. அதே மூணு மாசமும் அத்தை என்கூடப் பேசல. ஆகமொத்தம், காத்துல நஷ்டம்னு முழுசாச் சொல்லிற முடியாது.

மெதுவாச் சிரி, உள்ளுக்குத்தான் இருக்கா.

சரி, வேலி கட்டும்போது இன்னொண்ணு. நடுவுல ஒரு ஆள் போற மாதிரி சந்து விட்டியே, மம்பட்டியோட போய் வரணும்னு. அந்தச் சந்துக்கு நேரா நின்ன கறிமிளகாய்ல ஒரு பூ இல்ல, பாத்தியா? நம்ம ரோட்டுல வெள்ளைக்காரன் குடைஞ்ச கல்லுக்கு நீ குடையோட போய் நில்லு, தெரியும். பரந்த எடத்துல நடந்து வர்ற காத்து, சந்தைக் கண்டா ஓடும். வேலியில ஒரு ஓட்டையான்னா, சின்ன ஓட்டை ஆயிரம் இருக்கலாம், பெரிய ஓட்டை ஒண்ணே ஒண்ணு இருக்கக் கூடாது. வழி வேணும்னா காத்து வராத பக்கமா வச்சுக்க. இல்லன்னா வாசலுக்கு முன்னாடி குறுக்கா ஒரு சின்ன மறைப்புப் போடு, சுத்திக்கிட்டுப் போ. உனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியுதுல்ல, நடக்கவும் பழகிக்க.

அந்தக் கல்லைப் பத்திச் சொன்னதும் ஞாபகம் வருது. கல்லைக் குடைஞ்சு எவன் வர்றானோ அவன் கண்டி ராச்சியத்தைப் பிடிப்பான்னு ஒரு ஐதீகம் இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. ராச்சியம் போனது 1815ல. ரோட்டைப் போட்டது 1820க்குப் பொறகு. அதாவது ராச்சியத்தைப் பிடிச்சு முடிச்சுட்டு, சாவகாசமா வந்து கல்லைக் குடைஞ்சிருக்காங்க. உன்னை மாதிரியே அவங்களும் பிந்தினவங்கதான். ரோட்டைப் போட்ட டோசன் தொரை 1829ல செத்தாரு, 1832ல அவருக்கு ஒரு கோபுரம் கட்டினாங்க. அதோ நிக்குது. இத்தனை வருசக் காத்துக்கும் நிக்குது. உருண்டையா இருக்கிறதைக் காத்து சுத்திக்கிட்டுப் போயிருது. தட்டையா நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கிறதுதான் அதுக்குப் பிடிக்காது.

வலைப்பை வேலி ரெண்டு போகத்துக்குத் தாங்கும், வெயில்ல நைஞ்சுரும். அதுக்குள்ள உயிர் வேலி வளத்துரு. கிளிரிசீடியாக் கம்பு, விரல் ரெண்டு சேத்த கனம், நாலடி நீளம், மழை தொடங்குற நேரம் அடிக்கு ஒண்ணா ஊனு. சிங்களத்துல அதுக்கு வேலி மரம்னே பேரு வச்சிருக்காங்க. தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர்னு கவுருமெண்டே அதுக்குப் பதவி உயர்வு குடுத்துருச்சு. உனக்கு எப்ப குடுக்கப் போகுதோ. இலையை வெட்டிப் பாத்தியில போட்டா பசளை, ஆட்டுக்குப் போட்டா தீனி, மிளகுக் கொடி ஏத்துனா காசு. முன்னுக்கு மரவள்ளி ஒரு வரிசை, அதுக்கு உள்ளுக்குச் சோளம் ஒரு வரிசை. படி வச்ச மாதிரி உசரம் இறங்கி வரணும்.

தேயிலை மலையில நாங்க சவுக்கு நட்டது எதுக்குன்னு நெனக்கிற? ஊருல சவுக்குன்னா வேற மரம், தோட்டத்துல சவுக்குன்னா தொரை கிரேவிலியான்னு சொல்லுவாரே அது. நெழலுக்கு, வெறகுக்குன்னு பேரு. காத்து வாங்குற மேட்டுல அது வரிசையா நின்னா, கீழ கொழுந்து ஒரு நெறம் கூடுதலா இருக்கும். இந்தப் புத்தி வர்றதுக்கு கோப்பி அழிஞ்சு போக வேண்டியிருந்துச்சு. 1869ல கோப்பி இலையில செம்பு நெறத்துல துரு மாதிரி ஒரு நோவு விழுந்து, மலை மலையாப் பரவிச்சு. 1880ல மார்சல் வார்டுன்னு ஒரு எளந்தாரி வெள்ளைக்காரன் பேராதனைக்கு வந்தான். கண்ணாடித் துண்டைத் தோட்டத்துல தொங்கவிட்டு, காத்துல வர்ற நோவு வித்து அதுல ஒட்டுறதைப் பாத்துச் சொன்னான். மலை முழுக்க ஒரே பயிரா, நடுவுல மறைப்புக்கு ஒரு மரம் இல்லாம வச்சிருக்கீங்க, பின்ன பரவாம என்ன செய்யும்னு. யாரு கேட்டா? கேக்காதவங்க கதை பெருசுபெருசாத்தான் முடியும்.

அதுக்காக அடைச்சும் வச்சிராத. நம்ம ஊரு மழைக்கு, காத்தே போகாத எடத்துல தக்காளி வச்சா இலை கருகி அழுகும். அதுக்கும் சேத்துத்தான் சலிக்கச் சொல்லுறேன்.

இப்ப விழுந்ததை என்ன செய்யுறதுன்னுதானே கேக்குற? வேர் அறுந்ததைப் புடுங்கிப் போடு. மிச்சத்தை நிமித்தி, அடியில மண்ணை நல்லா ஏத்தி அணைச்சு விடு. குச்சியைக் காத்து வர்ற பக்கம் ஊனு. அப்பத்தான் செடி குச்சியில போய் மோதாம, குச்சியை விட்டு விலகி ஆடும். பழைய சைக்கிள் டியூப்பைப் பட்டை பட்டையா வெட்டி, எட்டு மாதிரிப் பின்னிக் கட்டு, ஒரு விரல் பூந்து வர்ற அளவுக்கு லூசா. கழுத்தை இறுக்கிக் கட்டுனா வளராது. அசையவே விடாமக் கட்டுனாலும் தண்டு தடிக்காது, குச்சியை எடுத்த அன்னைக்கே விழும். உன் அம்மா உன்னைப் பத்தொன்பது வயசு வரைக்கும் பஸ் ஹோல்ட் வரைக்கும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா, ஞாபகம் இருக்கா? அந்தக் கதைதான்.

புதுக் கன்னு வைக்கிறதா இருந்தா சாயங்காலமா வையி. ஒவ்வொரு கன்னுக்கும் காத்து வர்ற பக்கம் ஒரு பாக்கு மட்டையைச் சொருகி விடு. அது தானாவே உள்ளங்கை மாதிரி வளைஞ்சுதான் இருக்கும், வெளக்குத் திரிக்குக் கையைப் பொத்துற மாதிரி நிக்கும். பத்து நாள் போதும், அப்புறம் எடுத்துரு. போஞ்சிப் பந்தலைக் காத்துக்குக் குறுக்கா கட்டியிருக்க. அது பந்தல் இல்ல, பாய்மரம். காத்து போற தெசைக்கே நீளமா மாத்திக் கட்டு.

எந்தத் தெசைன்னு யூடியூப்ல தேடாத. நாலு குச்சியில துணிக் கிழிசலைக் கட்டி, நாலு மூலையிலயும் ஊனிட்டு ஒரு வாரம் சும்மா பாரு. சும்மா இருக்கிறதுல உனக்குத் தேர்ச்சி இருக்கு. மேற்குல வர்ற காத்து உன் வீட்டுச் சுவர்ல பட்டு வடக்குப் பக்கமாத் திரும்பும், அது உனக்குத் தெரியாது, துணிக்குத் தெரியும். அப்பவும் சந்தேகம்னா வெவசாயத் திணைக்களத்துக்கு 1920ன்னு நம்பர் இருக்கு, அடிச்சுக் கேளு. இல்லன்னா கன்னொறுவைக்குப் போய்ப் பாரு, பஸ்ஸுல கொஞ்ச தூரந்தான்.

அதுக்கும் சோம்பேறித்தனம்னா, பக்கத்து வீட்டு ஆச்சியோட வளவுக்குப் போ. மேல பலா, தென்னை. அதுக்குக் கீழ பாக்கு, கித்துள். நடுவுல வாழை, கோப்பி, மிளகு. அடியில இஞ்சியும் மஞ்சளும். அந்த ஓரத்து வெளிச்சத்துல நாலு மிளகாச் செடி, ரெண்டு கத்தரி. நேத்து ராத்திரி அடிச்ச அடியில அந்த மிளகாச் செடியில ஒரு காய் உதிரல. ஆச்சி, நீங்க காத்துக்கு என்ன செஞ்சீங்கன்னு கேட்டேன். எந்தக் காத்துன்னு என்னையவே திருப்பிக் கேட்டா.

என்ன, எந்திரிச்சுட்ட? தேத்தண்ணி முடிஞ்சுதா? நல்லது. போய் மொதல்ல கம்பை வெட்டு, வெங்காயப் பை நானே ரெண்டு டசன் சேத்து வச்சிருக்கேன், பின்பக்கம் கெடக்கு, எடுத்துக்கிட்டுப் போ. காசு வேண்டாம்.

தகரமா? அந்தப் பக்கம் போகாத, நாய் கட்டியிருக்கு. சரி, பாத்துட்ட. விடிய அஞ்சு மணிக்கே கோழிக்கூட்டு மேல போட்டு, நாலு கருங்கல்லைத் தூக்கி வச்சுட்டேன் மருமகனே. ரெண்டு வருசமா ஒழுகிக்கிட்டுக் கெடந்துச்சு. உனக்குத்தான் இனி தகரம் தேவைப்படாதே, இவ்வளவு நேரம் அதைத்தானே சொல்லிக்கிட்டு இருந்தேன்?